பிரசண்ட்லி: இப்பொழுதா, பிறகா?

நாள்தோறும் காலையில் ஆசிரியை வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களைப் படிக்கும்பொழுது நாம் "பிரசண்ட்" என்று குரல் கொடுக்கிறோம். தினமும் வாயில் வரும் சொல்லாதலால் அதன் பொருளைப் பற்றி நாம் நினைப்பதில்லை. அது இலத்தீன் மொழியிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். இலத்தீனில் 'பிரே' என்றால் முன். 'எஸ்ஸே' என்றால் இருத்தல். இரண்டும் சேர்ந்த 'பிரேசென்ஸ்' என்பதற்கு 'முன்னே இருக்கிற' என்று பொருள். நம் விழா அழைப்பிதழ்களில் 'தலைமை' என்றும் 'முன்னிலை' என்றும் அச்சிடுகிறோம் அல்லவா? அந்த 'முன்னிலை' என்னும் தமிழ்ச் சொல் இதற்கு எவ்வளவு நெருக்கமாக நிற்கிறது என்று பாருங்கள்.

இந்தப் 'பிரசண்ட்' என்ற சொல்லோடு 'லி' என்னும் ஈறு சேர்ந்து பிறந்த வினையடையே 'பிரசண்ட்லி'. நாம் பேச எடுத்துக்கொண்டது இதைத்தான். பார்ப்பதற்குச் சாதுவான சொல். பாடப் புத்தகத்திலும் செய்தித்தாளிலும் கதைப் புத்தகத்திலும் அடிக்கடி வருவது. ஆனால் ஒருவர் 'பிரசண்ட்லி' வருவார் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், இந்த நொடியே வந்து நிற்பார் என்று கொள்வதா, சற்று நேரம் சென்று வருவார் என்று கொள்வதா? அதே சொல் 'தற்பொழுது' என்ற பொருளிலும் வழங்குகிறதே, அதை என்ன செய்வது? எழுதியவர் எந்தக் காலத்தவர், எந்த நாட்டவர் என்று தெரியாமல் விடை சொல்ல முடியாது.

14ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டி ஆங்கில எழுத்தில் இச்சொல் தலைகாட்டுகிறது. தொடக்கத்தில் அதன் பொருள் தன் தாய்ச் சொல்லை விட்டு விலகவில்லை. 'முன்னே இருக்கிற இந்த வேளையில்' என்பதே பொருள். இந்த வேளையில் என்பதற்கும் இந்த வேளையிலேயே என்பதற்கும் தூரம் அதிகமில்லை. ஆகவே 15ஆம் நூற்றாண்டில் அது 'உடனே, தாமதமின்றி' என்ற பொருளையும் பெற்றுவிட்டது. நம் 'உடனே' என்ற சொல்லும் இப்படிப்பட்டதே. 'உடன்' என்றால் கூட, சேர்ந்து. சொல்லும் செயலும் கூடவே நிகழ்ந்தால் அது உடனே நிகழ்ந்தது. இடத்தைக் குறிக்கும் சொற்கள் காலத்தைக் குறிக்க வருவது எல்லா மொழிகளிலும் உள்ள பழக்கம். 'அப்புறம்' என்று நாம் சொல்வதும் முதலில் 'அந்தப் பக்கம்' தானே!

ஷேக்ஸ்பியர் (1564–1616) எழுதிய காலத்தில் இந்த 'உடனே' என்ற பொருள் நல்ல உயிரோடு இருந்தது. மேல் வகுப்பு மாணவியர் பலர் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தைப் படித்திருப்பீர்கள். நான்காம் அங்கத்தில் வழக்கு முடிந்தபின், வழக்கறிஞர் வேடத்தில் இருக்கும் போர்ஷியாவைக் கோமகன் தம் இல்லத்துக்கு விருந்துண்ண அழைக்கிறார். அவளோ, இன்றிரவே பாதுவா நகருக்குப் போக வேண்டும், 'பிரசண்ட்லி' புறப்படுவதே தகும் என்று கூறி விடைபெறுகிறாள். இதைச் 'சிறிது நேரம் கழித்து' என்று பொருள் கொண்டால் போர்ஷியாவின் பேச்சே பொருந்தாமல் போய்விடும். சிறிது நேரம் கழித்துத்தான் பயணம் என்றால் சாப்பிட்டுவிட்டே போகலாமே! இந்த நிமிடமே கிளம்ப வேண்டும் என்றதால்தான் அது மறுப்பதற்குரிய காரணமாகிறது. 1611இல் அரசவையில் நடிக்கப்பட்ட 'புயல்' நாடகத்திலும் இப்படி ஓர் இடம் உண்டு. பிராஸ்பெரோ ஒரு காட்சியை நடத்தச் சொல்ல, ஏரியல் என்னும் வானுலகப் பணியாள் இந்த ஒரே சொல்லைக் கேள்வியாகக் கேட்கிறான். ஆம், கண் இமைக்கும் நேரத்தில் என்பது போன்ற விடை வருகிறது. சொல்லின் பொருளை ஆசிரியரே பக்கத்தில் எழுதி வைத்ததுபோல் இருக்கிறது அல்லவா?

அதே 1611இல்தான் ஜேம்ஸ் மன்னர் ஆணைப்படி செய்யப்பட்ட ஆங்கில விவிலியம் வெளிவந்தது. ஆங்கிலக் கத்தோலிக்கரோ அதற்கு முன்பே, நாடு கடந்து வாழ்ந்தபொழுது, ரீம்ஸ் நகரில் 1582இல் புதிய ஏற்பாட்டையும், டூவே நகரில் 1609, 1610ஆம் ஆண்டுகளில் பழைய ஏற்பாட்டையும் வெளியிட்டிருந்தனர். 18ஆம் நூற்றாண்டில் ஆயர் சாலோனர் அதைத் திருத்தினார். கன்னியர் மடங்களின் நூலகங்களில் பழைய டூவே விவிலியம் இன்றும் இருக்கக்கூடும். நம் சொல்லின் பொருள் தெரியாமல் அதைப் படித்தால் சில இடங்களில் தடுக்கி விழுவோம். சில இடங்களை இங்கே விரிவாகவே பார்ப்பது நல்லது.

கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவைப் பிடிக்க வருகிறார்கள். சீடர் ஒருவர் வாளை உருவுகிறார். இயேசு அவரைத் தடுத்து, தாம் கேட்டால் தந்தையானவர் பன்னிரண்டு படைகளுக்கு மேற்பட்ட தூதர்களை அனுப்பமாட்டாரா என்கிறார் (மத்தேயு 26:53). எப்பொழுது அனுப்புவார்? மேற்சொன்ன இரு ஆங்கில விவிலியங்களும் 'பிரசண்ட்லி' என்றே சொல்கின்றன. கிரேக்க மூலத்தில் 'ஆர்த்தி', இலத்தீனில் 'மோதோ'. இரண்டும் 'இப்பொழுதே' என்பவை. சற்றுப் பொறுத்து உதவி வரும் என்று இன்றைய ஆங்கிலப் பொருளில் வாசித்தால், அந்தக் காட்சியின் வலிமையே குன்றிவிடுகிறது. கேட்ட மாத்திரத்தில் கிடைக்கக்கூடியதை அவர் கேட்காமல் விட்டார் என்பதல்லவா அங்கே செய்தி!

அத்திமரம் பட்டுப்போன நிகழ்ச்சியும் கவனிக்கத்தக்கது. மத்தேயு 21:19இல் மரம் அப்பொழுதே பட்டுப்போகிறது. மாற்கு நற்செய்தியிலோ மறுநாள் காலையில்தான் சீடர்கள் அதைக் காண்கிறார்கள். இரு நற்செய்தியாளர்களும் ஒரே நிகழ்ச்சியைச் சொல்லும் முறையில் வேறுபடும் இடம் இது. ஜேம்ஸ் மன்னர் விவிலியம் மத்தேயுவின் 'உடனே'யைப் 'பிரசண்ட்லி' என்று பெயர்த்திருப்பதால், இன்றைய வாசகருக்கு அந்த வேறுபாடே கண்ணில் படாமல் போகலாம். சாலோனர் பதிப்பு இங்கே 'இம்மீடியட்லி' என்று போட்டிருப்பதால் நமக்குத் தொல்லையில்லை.

'பிரசண்ட்லி'க்கு ஒரு பங்காளியும் உண்டு; 'பை அண்ட் பை' என்னும் தொடர். இன்று அதற்குப் 'போகப் போக, பின்னொரு சமயம்' என்று சோம்பலான பொருள். முன்பு அதுவும் 'உடனே'தான். ஏரோதின் பிறந்தநாள் விருந்தில் நடனமாடிய சிறுமி, தாயிடம் கேட்டுக்கொண்டு விரைந்து ஓடிவந்து, ஸ்நாபக அருளப்பரின் தலையைக் கேட்கிறாள் (மாற்கு 6:25). ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில் அவள் அதைப் 'பை அண்ட் பை' தரச் சொல்கிறாள். பிறகு வசதிப்பட்டபொழுது கொடுங்கள் என்றா கேட்டிருப்பாள்? அரசன் மனம் மாறுவதற்கு முன், விருந்தினர் முன்னிலையிலேயே காரியம் முடிய வேண்டும் என்பதுதானே தாயின் சூழ்ச்சி! சாலோனர் பதிப்பு 'ஃபோர்த்வித்' என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது.

எல்லாவற்றிலும் முக்கியமான இடம் லூக்காஸ் 21:9. போர்களையும் குழப்பங்களையும் பற்றிக் கேள்விப்படும்பொழுது திகிலடைய வேண்டாம், இவை முதலில் நேர வேண்டியவை, ஆனால் முடிவு உடனே வராது என்று இயேசு சொல்கிறார். இலத்தீனில் 'ஸ்தாத்திம்', அதாவது உடனே. இதை ஜேம்ஸ் மன்னர் விவிலியம் 'பை அண்ட் பை' என்றும், டூவே 'பிரசண்ட்லி' என்றும் பெயர்த்தன. இன்றைய பொருளில் படித்தால், முடிவு சற்று நேரம் கழித்து வருவதன்று என்றாகிவிடும். அப்படியென்றால் இப்பொழுதே வந்துவிட்டதோ என்று பயந்த மனம் எண்ணக்கூடும். அச்சத்தைப் போக்கச் சொன்ன வார்த்தை அச்சத்தை ஊட்டும் வார்த்தையாகிவிடுகிறது. ஒரு சிறிய வினையடையால் இவ்வளவு வினை! பொருள் நழுவிய சொல்லைக் கண்டுகொள்ளக் கற்பது தேர்வு மதிப்பெண்ணுக்காக மட்டும் அன்று என்று நாம் கருதுவது இதனால்தான்.

'உடனே' எப்படிப் 'பிறகு' ஆயிற்று? 16ஆம் நூற்றாண்டிலேயே 'சிறிது நேரத்தில்' என்ற பொருள் முளைத்துவிட்டது. பின்னர் இங்கிலாந்தில் அதுவே ஓங்கியது. காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' முதல் பாகத்தில் (1598இல் அச்சானது) மதுக்கடைப் பணியாள் பிரான்சிஸ் என்பவன் வருகிறான். ஒரு பக்கம் இளவரசர் பேச்சுக் கொடுத்து அவனை நிறுத்தி வைக்கிறார். மறு அறையிலிருந்து அவருடைய தோழர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். அவன் ஒவ்வொரு முறையும் 'அனான்' என்று பதில் குரல் கொடுக்கிறான், போவதில்லை. 'அனான்' என்ற சொல்லும் பழைய ஆங்கிலத்தில் 'ஒன்றாக, நேராக' என்னும் பொருளில் பிறந்து, 'உடனே' என்று வழங்கியதுதான். பிரான்சிஸ் போன்ற பணியாட்கள் வராமலேயே அதைச் சொல்லிச் சொல்லி, அது 'வருகிறேன், வருகிறேன்' என்ற சமாதானமாகிவிட்டது.

இதைப் படிக்கும் அன்னையர் புன்னகை செய்வார்கள். கடைக்குப் போய்வரக் கூப்பிட்டால், கதைப் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல் "இதோ வந்துட்டேம்மா" என்று நம்மில் யார்தான் சொல்லவில்லை? 'இதோ' என்பது கண்முன் இருப்பதைச் சுட்டிக் காட்டும் சொல். 'வந்துட்டேன்' என்பதோ நடந்து முடிந்ததைச் சொல்வது. ஆனால் வருவதற்குக் கால் மணி நேரம் ஆகிறது! ஆங்கிலேயர் வீட்டுப் பிள்ளைகளும் பணியாட்களும் பல தலைமுறைகளாக இப்படிச் செய்ததன் விளைவே அகராதியில் பொருளாக ஏறி அமர்ந்திருக்கிறது.

'சூன்' என்னும் எளிய சொல்லும் தப்பவில்லை. பழைய ஆங்கிலத்தில் 'சோனா' என்றிருந்த அதற்கு 'அந்தக் கணமே' என்று பொருள். மாற்கு நற்செய்தியில் 'உடனே' என்ற கிரேக்கச் சொல் ஏறத்தாழ 40 தடவை வருகிறது. பழைய ஆங்கிலத்தில் நற்செய்திகளைப் பெயர்த்தவர்கள் அதற்குச் 'சோனா' என்பதைத் தயங்காமல் கையாண்டார்கள். இன்று 'சூன்' என்றால் விரைவில், அவ்வளவுதான். எனினும் 'ஆஸ் சூன் ஆஸ்' என்று எழுதும்பொழுது பழைய வேகம் சற்று மீந்திருக்கிறது: மணி அடித்தவுடன் என்கிறோம், அடித்துச் சில நேரம் சென்று என்பதில்லை.

தளர்ந்த சொல்லுக்கும் ஓர் அழகு உண்டு. லூயிஸ் கரோல் 1865இல் வெளியிட்ட ஆலிஸின் கதையில், அந்தச் சிறுமி முயல் வளைக்குள் கீழே கீழே விழுந்துகொண்டே தனக்குத்தானே பேசுகிறாள். பேச்சு நிற்கிறது. பிறகு 'பிரசண்ட்லி' மறுபடி பேசத் தொடங்குகிறாள். அங்கே 'உடனே' என்று கொண்டால், நடுவில் அவள் மௌனமாக விழுந்த அந்தச் சிறு இடைவெளி நமக்குக் கிடைக்காது.

இனி மூன்றாவது பொருள். 'தற்பொழுது' என்னும் தொடக்ககாலப் பொருள் இங்கிலாந்தில் பின்தங்கினாலும் ஸ்காட்லாந்தில் சாகவில்லை, அமெரிக்காவிலும் வழங்குகிறது. நம் நாட்டிலோ அதுதான் முதற்பொருள். வேலைக்கு விண்ணப்பிக்கும்பொழுது, தற்பொழுது இன்ன பள்ளியில் பணியாற்றுகிறேன் என்பதை இச்சொல்லால் எழுதுகிறோம். இது பிழை என்று கண்டித்த இலக்கண நூலார் 20ஆம் நூற்றாண்டில் பலர் உண்டு. நம் கருத்தில் இது பிழையன்று. 15ஆம் நூற்றாண்டிலேயே வழங்கிய பொருளை இந்தியர் கெடுத்த ஆங்கிலம் என்று சொல்வது நியாயமாகாது. ஆயினும் ஆங்கிலேயர் எழுதிய கதையைப் படிக்கும்பொழுது நம் பழக்கத்தை அங்கே கொண்டுபோகக் கூடாது. சீமாட்டி 'பிரசண்ட்லி' மாடியிலிருந்து இறங்கி வருவாள் என்று பணிப்பெண் சொன்னால், விருந்தினர் நாற்காலியில் அமர்ந்து காத்திருக்க வேண்டியதுதான்.

பொருளை அறிய ஒரு வழி, பக்கத்தில் நிற்கும் வினைச்சொல்லைப் பார்ப்பது. 'இஸ்', 'ஆர்' முதலிய நிகழ்கால வினையோடு வந்தால் பெரும்பாலும் தற்பொழுது. 'வில்', 'ஷல்' என்ற எதிர்கால வினையோடோ, கதை சொல்லும் இறந்தகால வினையோடோ வந்தால் சற்று நேரத்தில். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு முற்பட்ட நூலாயின், முதலில் 'உடனே' என்று பொருத்திப் பார்க்க வேண்டும். நாமே எழுதும்பொழுது ஐயம் தோன்றினால், தற்பொழுதுக்கு 'நௌ' என்றும், சற்று நேரத்துக்குச் 'சூன்' என்றும் எழுதிவிடலாம். யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

இந்தத் தளர்ச்சி இன்னும் நிற்கவில்லை. 'டைரக்ட்லி' என்றால் நேராக, உடனடியாக. ஆனால் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் அதைத் 'திரெக்லி' என்று குறுக்கிச் சொன்னால், எப்பொழுதாவது ஒருநாள் நடக்கும் என்று வேடிக்கையாகக் கொள்வார்கள். 'மொமென்டரிலி' என்பதற்கு ஒரு கணம் மட்டும் நீடிக்கும்படி என்பது பழைய பொருள். விமானம் 'மொமென்டரிலி' தரையிறங்கும் என்று அமெரிக்கர் அறிவித்தால், இன்னும் சற்று நேரத்தில் இறங்கும் என்பதே கருத்து. ஒரு கணம் இறங்கிவிட்டு மறுபடி பறந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். 'நௌ' என்ற சொல் மட்டும் தன் நிலையில் உறுதியாக நிற்கிறது. அதுவும் தென்னாப்பிரிக்காவில் ஒருவர் 'ஜஸ்ட் நௌ' வருகிறேன் என்றால், எத்தனை மணிக்கு என்று கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும்.