கோழிக் கொட்டிலுக்கு ஏற்ற மரமும் கூளமும்

புறக்கடைக் கோழி வளர்ப்பு சிறு விவசாயிக்கும் நிலமற்ற தொழிலாளிக்கும் துணை வருவாய் அளிக்கும் தொழிலாகும். இத்தகைய வளர்ப்புக்கென்றே பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் கிரிராஜா இனத்தை உருவாக்கியது. எனினும் இனத்துக்கும் தீவனத்துக்கும் காட்டப்படும் அக்கறை, கொட்டிலின் மரத்துக்கும் தரையில் பரப்பும் கூளத்துக்கும் காட்டப்படுவதில்லை. மலிவு ஒன்றே அளவுகோலாகிறது. அம்மலிவு மெய்யானதுதானா என்பதை மைசூரு வட்டாரச் சூழலில் ஆராய்வோம்.

மரமும் மருந்தும்

கறையானும் ஈரமும் மரத்தின் பகைவர்கள். 1933-ஆம் ஆண்டில் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த சொந்தி காமேசம், செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஆகியவற்றின் கூட்டால் மரத்தைப் பதப்படுத்தும் முறையைக் கண்டறிந்தார். உலகெங்கும் பரவிய இம்முறை கம்பங்களின் ஆயுளைப் பன்மடங்கு நீட்டித்தது. ஆயினும் ஆர்சனிக் சிறுகச் சிறுகக் கசிந்து மண்ணில் சேர்வதால், பெரும்பாலான வீட்டு உபயோக மரங்களுக்கு இதனைப் பயன்படுத்துவது அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டின் இறுதியோடு கைவிடப்பட்டது. கம்பத்துக்குப் பொருந்தும் மரம், கோழி கொத்தியும் கிளறியும் வாழும் கொட்டிலுக்குப் பொருந்தாது. கிரியோசோட் எண்ணெய் ஊறிய பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டைகளையும் இவ்வாறே விலக்க வேண்டும்.

மருந்தின்றி மரத்தைக் காக்க இயலுமா? இயலும். மைசூரு வட்டாரத்தில் வேலிக்குப் பயன்படும் கருங்கல் தூண்கள் எளிதில் கிடைக்கின்றன. அவற்றின் மீது கொட்டிலை அமைத்தால் மரம் மண்ணைத் தொடாது. கறையானும் எளிதில் ஏறாது. அதன் மேல் சில்வர் ஓக், சவுக்கு, மூங்கில் போன்ற மருந்திடாத மரங்களே போதுமானவை. இடுக்குகளில் உண்ணிகள் தங்காதிருக்கச் சுண்ணாம்பு பூசுதல் நலம்.

கூளத்தின் தன்மை

நல்ல கூளம் ஈரத்தை உறிஞ்ச வேண்டும். விரைவில் உலர வேண்டும். பூசணமும் நஞ்சும் அற்றிருக்க வேண்டும். நெல் உமியும், மருந்திடாத மரத்தின் இழைப்புச் சீவலும் இவ்வகையில் சிறந்தவை. நிலக்கடலைத் தோலைப் பூசணம் பிடிக்காதவாறு உலர்த்திய பின்னரே பயன்படுத்தலாம். நுண்ணிய மரத்தூள் மூச்சுக்குழலை உறுத்தும்; குஞ்சுகள் அதைத் தீவனமெனக் கருதித் தின்பதும் உண்டு. மைசூரு புகழ்பெற்ற பதிப்பு வேலைக்குரிய ஈட்டி மரத்தின் தூள், தொழிலாளருக்கே தோல் அழற்சியை உண்டாக்கக் கூடியது. அதனைக் கொட்டிலில் இடாதிருப்பதே அறிவுடைமை.

சீவல் எந்த மரத்திலிருந்து வந்தது என்று கேட்பதும் இன்றியமையாதது. முட்டையிலும் கறிக்கோழியிலும் எழுந்த பூசண நெடிக்கு, கூளமாக இட்ட சீவலே மூலம் என 1966-இல் ஹாலந்து ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். மரத்தைக் காக்கப் பூசிய குளோரோபீனால் மருந்து, கூளத்தில் வேறொரு சேர்மமாக மாறி அந்நெடியைத் தந்தது. அவ்வகை மருந்துகளுள் ஒன்றான பென்டாகுளோரோபீனால், 2015-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

பராமரிப்பு

கோடை இடிமழை தொடங்கி அக்டோபர் வரை மைசூருவில் ஈரம் நீடிக்கும். ஈரக்கூளத்தில் இரத்தக்கழிச்சல் நோய் பெருகும். அம்மோனியா வாயு கண்ணையும் நுரையீரலையும் தாக்கும். கைப்பிடிக் கூளத்தை இறுக்கிப் பிடித்து விட்டால் அது உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம் மிகுதி என அறியலாம். அப்போது கூளத்தைக் கிளறி, நனைந்த பகுதியை அகற்றி, உலர்ந்த உமி சேர்க்க வேண்டும்.

கணக்கு

கோழி ஒன்றுக்கு 2 சதுர அடி வீதம் 20 கோழிகளுக்கு 40 சதுர அடி தேவை. 4 அங்குல ஆழத்துக்குச் சுமார் 13 கன அடி கூளம், அதாவது சில மூட்டைகளே வேண்டும். பிறப்பிடம் அறியாத மரத்தூளை வாங்கி மிச்சப்படுத்தும் பணம் அச்சில மூட்டைகளின் விலை வேறுபாடு மட்டுமே. இடருக்கு உள்ளாவதோ கோழிகள் அனைத்தும். மேலும், பயன்படுத்திய கூளம் எருவாகி வயலைச் சேர்வதால், அதிலுள்ள ஆர்சனிக்கும் நிலத்தையே அடையும். கொட்டிலுக்குக் கடனும் மானியமும் பரிந்துரைக்கும் அலுவலர்கள், மரமும் கூளமும் எங்கிருந்து வருகின்றன என்ற வினாவையும் தம் ஆய்வுப் படிவத்தில் சேர்த்துக்கொள்வது பயன் தரும்.