கடையில் நிற்கும் இடத்துக்குப் பாய் வாங்குவது எப்படி?



பருப்பைக் கையில் தேய்த்துப் பார்த்து வாங்குகிறோம், வெல்லத்தைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்க்கிறோம். ஆனால் காலையில் கடை திறந்தது முதல் இரவு கதவைச் சாத்தும் வரை நம் காலுக்கும் சிப்பந்திகள் காலுக்கும் கீழே என்ன கிடக்கிறது என்று மட்டும் பார்ப்பதில்லை. பெரும்பாலும் வெறும் சிமெண்டுத் தரை, இல்லையேல் ஒரு பழைய சாக்கு.

நம் கடையில் பல வருடமாகப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் பெரியவர் ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருண்டு புடைத்துவிட்டது. வைத்தியரிடம் அழைத்துப் போனோம். அசையாமல் நிற்கும்போது கெண்டைக்கால் தசை வேலை செய்வதில்லை, அதனால் ரத்தம் மேலே ஏறாமல் காலிலேயே தேங்குகிறது என்று அவர் விளக்கினார். சற்றே அமுங்கி நிமிரும் பாயில் நின்றால் தசை தன்னையறியாமல் அசைந்துகொண்டே இருக்குமாம். அதன் பிறகுதான் நாம் பாய் தேட ஆரம்பித்தோம். இரண்டு தடவை ஏமாந்தோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

முதலில் மெத்தென்று இருக்கட்டும் என்று இரண்டு அங்குல ஸ்பாஞ்சு வாங்கிப் போட்டோம். நாலு நாள் சுகமாக இருந்தது. பிறகு கால் புதைந்து கணுக்கால் வலி கண்டது. பெரியவர் திரும்பும்போது பாயின் விளிம்பு தட்டி விழப்போனார். கையிலிருந்த எண்ணெய்ப் பாக்கெட் உடைந்ததோடு போயிற்று. மிருதுவாக இருந்தால் நல்லது என்று நினைத்தது நம் தவறு. அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை கனம் போதும். செருப்போடு ஏறி நின்றால் லேசாக அமுங்க வேண்டும், ஆனால் அடித்தரை காலுக்குத் தட்டுப்படக் கூடாது. விளிம்பு நான்கு பக்கமும் சரிவாகச் சீவியிருக்க வேண்டும்.

அடுத்து வாங்கியது சாதாரண ரப்பர் பாய். எண்ணெய் டின் வைக்கும் பக்கத்தில் அது சில மாதத்திலேயே உப்பிப் பிசுபிசுத்துவிட்டது. இயற்கை ரப்பருக்கும் எண்ணெய்க்கும் ஆகாது. எண்ணெய் அளந்து கொடுக்கும் கடையில் நைட்ரைல் ரப்பர் என்று கேட்டு வாங்க வேண்டும். விலை கூடுதல்தான். எண்ணெய் சிந்தாத இடத்துக்கு அந்தச் செலவு வேண்டியதில்லை.

ஓட்டை போட்ட பாய் தண்ணீர் புழங்கும் ஓட்டலுக்குச் சரி. மளிகைக் கடையில் சர்க்கரையும் மாவும் அந்த ஓட்டைக்குள் இறங்கி எறும்பையும் கரப்பானையும் அழைத்து வரும். நமக்கு ஓட்டையில்லாத, மேலே சொரசொரப்பான பாய்தான் ஏற்றது. முழு நீளத்துக்கும் ஒரேயடியாக வாங்காமல், முதலில் ஒருவர் நிற்கும் அளவுக்கு ஒரு துண்டு வாங்கிப் பத்து நாள் பாருங்கள். நிற்பவரைக் கேளுங்கள். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அது தெரியாது.

மீந்த துண்டை எலக்ட்ரானிக் தராசுக்கு அடியில் போட்டுவிடாதீர்கள். நாம் போட்டோம். தராசு ஒரு பக்கம் சாய்ந்து, ஒரே மூட்டை வைக்கும் இடத்தைப் பொறுத்து வேறு வேறு எடை காட்டியது. வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்கிய பிறகுதான் காரணம் புரிந்தது. தராசுக்குக் கெட்டியான சமதரைதான் வேண்டும்.

பாய் போட்டாயிற்று, இனி நாற்காலி எதற்கு என்று எண்ணுவதும் சரியல்ல. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் செய்த திருத்தப்படி, சிப்பந்திகள் அனைவருக்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டும். கூட்டம் இல்லாத நேரத்தில் அவர்கள் உட்காரட்டும். நிற்கும் நேரத்தில் ஒரு காலை மாற்றி மாற்றித் தூக்கி வைத்துக்கொள்ள ஆறு அங்குல உயரத்தில் ஒரு மரக்கட்டையும் போட்டுக் கொடுத்திருக்கிறோம். செலவே இல்லாத அந்தக் கட்டையைத்தான் பெரியவர் அதிகம் பாராட்டுகிறார்.

வாரம் ஒரு முறை பாயைத் தூக்கி அடியில் பெருக்கி, சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவிட வேண்டும். கட்டைவிரலால் அழுத்திய பள்ளம் உடனே நிமிராவிட்டால் பாய் தீர்ந்துவிட்டது என்று பொருள். அதைக் கிடங்கில் அரிசி மூட்டைக்கு அடியில் விரிக்கலாமே என்று தோன்றும். விரித்தால் காற்றோட்டம் இல்லாமல் ஈரம் தங்கி அடிமூட்டை கெடும். அங்கே மரச்சட்டம்தான் போட வேண்டும்.