மெட்டல் டிடெக்டர் வாங்கியிருக்கும் மாப்பிள்ளைக்கு

சாத்தூர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

புதிதாக வாங்கிய மெட்டல் டிடெக்டரின் படத்தையும், ஊருக்கு மேற்கே ஓடு சரிந்து கிடக்கும் அந்தப் பழைய வீட்டின் படத்தையும் அனுப்பி, பொங்கல் லீவில் தோண்டிப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தாய். தேடலாம். தோண்டுவதைப் பற்றித்தான் உன்னிடம் நிறையப் பேச வேண்டும்.

ஆள் இல்லாத வீடு என்றால் சொந்தக்காரர் இல்லாத வீடு என்று நினைத்துவிடாதே. நம் பக்கம் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கெல்லாம் வெளியூர்களில் நாலைந்து பங்காளிகள் இருப்பார்கள். பட்டா யார் பேரில் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேள். பிறகு அவர்கள் ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கு. இதைச் செய்யாமல் வேலிக்குள் கால் வைக்காதே.

நம் வட்டாரத்துக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. உரிமம் இல்லாமல் பட்டாசு செய்கிறவர்கள் இப்படி ஆளரவம் இல்லாத வீடுகளையும் தோட்டத்துக் கொட்டகைகளையும் பயன்படுத்துகிறார்கள். குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த மருந்து வெடிக்க நெருப்பே வேண்டாம், உரசலே போதும். அதனால்தான் 1992இல் அந்தக் கலவைக்கே தடை போட்டார்கள். திரித் துண்டோ, காகிதக் குழாயோ, வெள்ளி மாதிரி மினுங்கும் பொடியோ தரையில் கண்ணில் பட்டால் எதையும் தொடாமல் வந்த வழியே வெளியே வந்து போலீசுக்குச் சொல். அங்கே கடப்பாரையை ஓங்கினால் அந்த ஒரு பொறியே உயிரை வாங்கிவிடும்.

இனி கருவிக்கு வருவோம். அந்த வட்டத் தட்டுக்குள் கம்பிச்சுருள் இருக்கிறது. அதில் ஓடும் மின்சாரம் மண்ணுக்குள் காந்தப்புலத்தை அனுப்புகிறது. அந்தப் புலம் மண்ணில் கிடக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்க, அதன் எதிரொலியைத்தான் ஹெட்போனில் நீ கேட்கிறாய். 1881இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடம்பில் பாய்ந்த குண்டைத் தேட கிரகாம் பெல் இப்படி ஒரு கருவியைக் கொண்டுபோனார். குண்டு அகப்படவில்லை. மெத்தைக்குள் இருந்த இரும்புச் சுருள்கள் கருவியைக் குழப்பியதைக் காரணமாகச் சொல்வார்கள். நம் ஊர் மண்ணில் அந்தச் சுருள்களின் வேலையைக் கம்பி மத்தாப்பின் கம்பி செய்யும். தீபாவளிக்குத் தீபாவளி முற்றத்தில் வீசிய கம்பிகள் எல்லாம் ஆளுக்கு முன்னால் குரல் கொடுக்கும். பொறுமை இல்லாதவனுக்கு இந்த வேலை ஒத்துவராது.

கரிசலைப் பற்றியும் தெரிந்துகொள். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துப் பிளக்கும், மழை பெய்ததும் உப்பி மூடிக்கொள்ளும். நேற்று விழுந்த ஐம்பது பைசா அந்த வெடிப்பு வழியாக இரண்டடி ஆழத்துக்குப் போய்விடும். அதனால் ஆழத்தில் கிடைத்தது பழசு, மேலே கிடைத்தது புதுசு என்று கரிசலில் அடித்துச் சொல்ல முடியாது. மார்கழி, தை மாதங்களில் மண் காய்ந்தும் காயாமலும் இருக்கும்போது கருவிக்கும் நல்லது, கொத்துக்கும் நல்லது.

அந்த வீட்டில் என்ன கிடைக்கும்? லாடம், நாதாங்கி, கீல், துரு ஏறிய திறவுகோல். அதிர்ஷ்டம் இருந்தால் 1943க்கும் 1947க்கும் இடையில் வந்த ஓட்டைக் காலணா, 1957இல் வந்த நயா பைசா. ஒருவேளை சின்னச் சின்ன அச்சுத் துளைகள் விழுந்த தகட்டுத் துண்டுகள் கிடைத்தால் குப்பை என்று வீசிவிடாதே. சாத்தூர் ஒரு காலத்தில் பேனா நிப்புக்குப் பேர்போன ஊர். நிப்பு வெட்டி மிஞ்சிய தகடாக அது இருக்கலாம். வெள்ளி ரூபாயைவிட அந்தத் தகட்டைத்தான் நான் பெரிதாக மதிப்பேன். வெள்ளி ரூபாய் இந்தியா முழுக்கக் கிடைக்கும். இந்தத் தகடு நம் ஊரின் உழைப்பு.

இப்போது முக்கியமான விஷயம். வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில், வைப்பாற்றின் கரையில் விஜயகரிசல்குளத்து மேட்டில் மாநிலத் தொல்லியல் துறை 2022இல் அகழாய்வைத் தொடங்கியது. 2023இல் இரண்டாம் கட்டம், 2024இல் மூன்றாம் கட்டம். ஆயிரக்கணக்கான பொருட்கள் வந்தன. சங்கு வளையல், கண்ணாடி மணி, சுடுமண் உருவம், ஆட்டக்காய், சூதுபவள மணி என்று நீளும் பட்டியலில் தங்கமும் செம்புக் காசும் கொஞ்சம்தான். உன் கருவியைத் தூக்கிக்கொண்டு அந்த மேட்டின் மேல் நடந்திருந்தால் சங்குக்கும் மணிக்கும் சுடுமண்ணுக்கும் அது வாயே திறந்திருக்காது. தங்கத்துக்கும் செம்புக் காசுக்கும்தான் கூவியிருக்கும். நீ அந்தக் காசை நோக்கிக் குழி பறித்து, வழியில் இருந்த அத்தனையையும் நொறுக்கியிருப்பாய்.

அறுத்த சங்கின் ஒரு துண்டை உற்றுப் பார்த்தால் விளிம்பில் ரம்பம் ஓடிய கோடு தெரியும். அதன் பக்கத்திலேயே அறுத்துப் போட்ட கழிவும் கிடந்தால் அது வளையல் போட்டவள் வீடு இல்லை, வளையல் செய்தவர் பட்டறை என்று ஆகிறது. பொருள் ஒன்றுதான், கிடந்த இடத்தால் கதையே மாறுகிறது. தோண்டி எடுத்துப் பையில் போட்டுக்கொண்ட துண்டிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

இரும்பு என்றால் கருவி காட்டுமே என்பாய். தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. அந்தக் கணக்கு முதுமக்கள் தாழிக்குள் இரும்போடு கிடந்த கரித்துண்டிலிருந்து வந்தது. கரிக்கு உன் கருவி சத்தம் போடாது. இரும்பை மட்டும் பிடுங்கி எடுத்திருந்தால் இன்றைக்கு அது பழைய இரும்புக் கடைச் சரக்கு.

ஆகவே இப்படிச் செய். முற்றத்தைக் கயிறு கட்டிக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொள். கருவி சத்தம் போடும் இடத்தையெல்லாம் முதலில் நோட்டில் வரைந்துகொள். மேல்மண்ணில், ஒரு சாண் ஆழத்துக்குள் இருப்பதை மட்டும் கரண்டியால் எடு. அதற்குக் கீழே போகாதே. எடுக்கும் முன்னும் எடுத்த பின்னும் அளவுகோல் வைத்துப் போட்டோ எடு. செம்பையோ பித்தளையையோ புளி போட்டுத் தேய்க்காதே, மேலே ஏறியிருக்கும் பச்சையோடு எழுத்தும் போய்விடும். காகித உறையில் போட்டு இடம், தேதி, ஆழம் எழுதி வை. கறுப்பு சிவப்புப் பானை ஓடோ தாழியின் விளிம்போ தட்டுப்பட்டால் அதோடு கொத்தைக் கீழே வை. அது தொல்லியல் துறை பார்க்க வேண்டிய இடம்.

1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் புதையலில் உனக்கு வர வேண்டிய பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்வதும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். புதையல் இருக்கிறது, பூஜை போட்டு எடுத்துத் தருகிறேன் என்று எவனாவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடு.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்து சேர். முதல்நாள் கருவியை வீட்டில் வைத்துவிட்டு விஜயகரிசல்குளத்து மேட்டுக்குப் போய் வருவோம். மறுநாள் நானும் கூட வருகிறேன், பங்காளிகளிடம் கையெழுத்து வாங்குவோம்.

அன்புடன்,
உன் மாமா