வீட்டுத் தச்சு

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் பூவிருந்தவல்லியையும் திருமழிசையையும் கடந்து சென்றால் குத்தம்பாக்கம் என்னும் ஊரை அடையலாம். செம்பரம்பாக்கம் ஏரி இதற்கு அணித்தே உள்ளது. 1996-ஆம் ஆண்டில் இவ்வூரின் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்ற திரு. இளங்கோ வேதிப் பொறியியல் கற்றவர். அவர் காலத்தில் இங்கு இரட்டை வீடுகள் எழுந்தன. ஒரே சுவரின் இருபுறமும் வெவ்வேறு சாதியினர் அண்டை வீட்டாராய்க் குடியேறினர். அவ்வீடுகளைக் கட்டுதற்கு, உள்ளூர் மண்ணை அழுத்திச் செய்த கற்கள் பயன்பட்டன. ஊருக்கு வேண்டியவற்றுள் இயன்றவற்றை ஊரிலேயே செய்துகொள்ள வேண்டும் என்பது அவர் கொள்கை. காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா (1892–1960) முன்னரே காட்டிய நெறி அது.

மண்ணால் சுவர் எழுப்பிக்கொண்ட ஊரார், மரத்தால் ஒரு விசிப்பலகை செய்துகொள்ள இயலாதா? சுவரும் கூரையும் அமைந்தபின் வீட்டினுள் அமர்வதற்கு ஓர் இருக்கையும், எழுதுவதற்கு ஒரு மேசையும், நூல்களை அடுக்குவதற்கு ஓர் அலமாரியும் வேண்டுமன்றோ? இவற்றைக் கடையில் வாங்குவதே இன்று பெருவழக்கு. மலிவான விலையில் கிடைப்பவற்றுள் பல, மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகைகளால் ஆனவை. மேலே ஒட்டிய தாள் தேக்கைப் போலவே தோன்றும். ஆயின் நீர் ஊறினால் அப்பலகை உப்பும். உப்பியது பழைய நிலைக்கு மீளாது. ஒருமுறை பிடுங்கிய திருகாணி அதே துளையில் மறுபடியும் பற்றாது. 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையிலும் அதன் புறநகர்களிலும் வெள்ளம் வீடுகளுள் புகுந்தபோது, இத்தகைய பொருள்களை வைத்திருந்தோர் இவ்வுண்மையைப் பொருள் இழந்து உணர்ந்தனர். கெட்டி மரத்தால் ஆன நாற்காலியின் நிலை வேறு. அதனைக் கழுவி நிழலில் உலர்த்தினால் பெரும்பாலும் மீண்டும் பயன்படும். ஒரு கால் தளர்ந்தால் அக்காலை மட்டும் கழற்றிச் செப்பனிடலாம். தவணை கட்டி வாங்கிய பொருள் தவணை முடியுமுன் குப்பையாவது எளிய குடும்பத்துக்குச் சிறிய இழப்பு அன்று.

'தச்சர் அல்லாதார்க்கு இத்தொழில் கைகூடுமா?' என்று சிலர் வினவலாம். கைகூடியதற்குச் சான்று, கடல் கடந்த நாட்டில் வாழ்ந்த தமிழரிடையே உண்டு. தென்னாப்பிரிக்காவில் உரிமைக்காகச் சிறை சென்றோரின் குடும்பங்கள் ஒன்றாய் வாழ்வதற்காக, 1910-ஆம் ஆண்டில் ஜோகனஸ்பர்க் நகருக்கு 21 மைல் தொலைவில் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கப்பெற்றது. காந்தியடிகளின் நண்பரும் கட்டடக் கலைஞருமாகிய ஹெர்மன் காலன்பாக், தம் 1,100 ஏக்கர் நிலத்தை வாடகை பெறாமல் அளித்தார். அங்கு வாழ்ந்தவருள் தமிழர் பலர். விசிப்பலகை முதல் பெட்டி வரை தமக்கு வேண்டிய மரப்பொருள்களை அப்பண்ணையினரே செய்துகொண்டனர். காலன்பாக் தச்சுப் பகுதியை நடத்தினார். சிறுவர்களுக்கும் தச்சு வகுப்பு நடைபெற்றது. அங்கே கட்டில்கள் இல்லை எனலாம். உறங்குதற்கு ஒவ்வொருவருக்கும் இரண்டு கம்பளியும் ஒரு மரத் தலையணையுமே உண்டு. மரத் தலையணை செய்யப் பெருந்திறன் எதற்கு என்று நீங்கள் நகைக்கலாம். ஆயினும் உளியை முதன்முறை பிடிக்கும் கைக்கு அதுவே போதிய பாடம். தேரும் கோயிற் கதவும் செய்யும் தச்சரின் புலமை பல்லாண்டுப் பயிற்சியால் வருவது. அதனை நாம் இங்குக் கருதவில்லை. வீட்டுக்கு ஓர் இருக்கை செய்யும் அளவு அறிவு எக்குடியிற் பிறந்தவர்க்கும் எட்டக்கூடியதே.

அவ்வறிவின் வேர் ஒன்றே. வெட்டியபின்னும் மரம் நீரைக் கொள்வதையும் விடுவதையும் நிறுத்துவதில்லை. இதை உணராது எத்துணை நேர்த்தியாகச் செய்யினும் பொருள் வெடிக்கும், அல்லது வளையும்.

மரத்தை நெடுங்குழல்கள் பல சேர்ந்த கட்டு என்று எண்ணிக்கொள்ளுங்கள். பச்சை மரத்தில் குழலின் உள்வெளியிலும் நீர் இருக்கும். குழலின் சுவரிலும் நீர் இருக்கும். முதலில் உள்வெளி நீர் நீங்கும். அப்போது எடை குறையுமேயன்றி அளவு குறையாது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு என்னும் அளவுக்குக் கீழே நீர் குறையத் தொடங்கும்போதுதான் சுவர்கள் மெலியும், மரம் சுருங்கும். இச்சுருக்கம் எத்திசையிலும் ஒரே அளவினது அன்று. நீளவாட்டில் அது மிகச் சிறிது. கணக்கில் கொள்ள வேண்டுவதில்லை. நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஓரளவு சுருங்கும். ஆண்டு வளையத்தைத் தொடர்ந்து செல்லும் திசையிலோ அதனினும் ஏறத்தாழ இரு மடங்கு சுருங்கும். பலகை வளைவதன் காரணம் இவ்வேறுபாடே. தேக்கு குறைவாகச் சுருங்கும் மரங்களுள் ஒன்று. அதன் பெருமதிப்புக்கு அழகு மட்டும் காரணம் அன்று.

இனி, எம்மரத்தைக் கொள்வது? தொல்காப்பியர் மரபியலில் நிலைத்திணையை இரண்டாகப் பகுத்தார். உள்ளே வயிரம் உடையவற்றை மரம் என்றும், புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும் கூறினார். இப்பகுப்பின்படி பனை புல்லினத்தைச் சேர்ந்தது. இஃது ஏட்டில் மட்டும் பயன்படும் செய்தி என்று கருதிவிடாதீர்கள். பனையில் புறப்பகுதியே வலிமை உடையது. ஆதலால் கூரைச் சட்டத்துக்கு அப்பகுதியை எடுத்துக்கொண்டு சோற்றை நீக்குவர். வேம்பு, பூவரசு, தேக்கு முதலியவற்றில் இதற்கு மாறாக, நடுவிலுள்ள கருநிற வயிரமே உறுதியானது. புறத்தே வெளுத்துத் தோன்றும் பகுதியில் மாச்சத்து மிகுதி. வண்டு துளைத்து உளுக்கச் செய்வது பெரிதும் அப்பகுதியையே. விலை மலிவு என்று வெளுத்த பலகையை வாங்குவோர், சில ஆண்டுகளில் நாற்காலியின் கீழே மாவு போன்ற தூளைக் காண்பர்.

மரத்துக்காக விறகுக் கடையையும் நாடலாம். 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் வீசிய வர்தா புயலில் சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் எண்ணற்ற மரங்கள் சாய்ந்தன. அவ்வாறு சாயும் வேம்பும் பூவரசும் பெரும்பாலும் அடுப்புக்கே செல்கின்றன. நேரிய அடிமரத்தை அறுப்பு மில்லுக்குக் கொண்டு சென்று பலகையாக்கினால், அது ஒரு குடும்பத்துக்கு நெடுங்காலம் உழைக்கும்.

அறுத்த பலகையை உடனே பயன்படுத்தலாகாது. காற்றோட்டமுள்ள நிழலில், பலகைக்குப் பலகை இடையே ஒரே பருமனுள்ள ரீப்பர்த் துண்டுகளை வைத்து அடுக்குதல் வேண்டும். பலகையின் இரு முனைகளும் மற்றைய பகுதியினும் மிக விரைந்து உலர்ந்து வெடிக்கும். ஆதலின் அம்முனைகளுக்கு வண்ணமோ மெழுகோ பூச வேண்டும். எப்போது உலர்ந்தது என்று அறிவது எங்ஙனம்? அதே மரத்தின் ஒரு துண்டை வாரந்தோறும் நிறுத்துப் பாருங்கள். எடை குறையாது நின்றுவிட்டால் மரம் சுற்றியுள்ள காற்றோடு இணங்கிவிட்டது எனக் கொள்ளலாம். சென்னையை அடுத்த பகுதிகளில் அப்போதும் மரத்தில் 12 முதல் 14 விழுக்காடு வரை நீர் இருக்கும். இது மாறாத அளவு அன்று. மழைக்காலத்தில் ஏறும், கோடையில் இறங்கும். ஓர் அடி அகலமுள்ள தேக்குப் பலகை இதனால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அகன்று சுருங்கும். மெல்லிய வேறுபாடுதான், எனினும் இருபுறமும் ஆணியடித்து இறுக்கிய பலகையைப் பிளக்க அதுவே போதும்.

முதல் முயற்சிக்கு ஒரு விசிப்பலகை ஏற்றது. நீளம் 3 அடி, அகலம் 1 அடி, உயரம் 1½ அடி என்று கொள்வோம். மேற்பலகை ஓர் அங்குலப் பருமன். கால்கள் நான்கும் 2 அங்குலச் சதுரம். கால்களை இணைக்கும் சட்டங்கள் 3 அங்குல அகலமும் ஓர் அங்குலப் பருமனும் உடையவை. கணக்கிட்டால் அரைக் கன அடிக்குச் சிறிது மிகும். கழிவையும் சேர்த்து முக்கால் கன அடி மரம் போதும். கருவிகளும் பல வேண்டா. வாள், இழைப்புளி, அகலத்தில் வேறுபட்ட இரண்டு உளிகள், கொட்டாப்புளி, மூலைமட்டம், துரப்பணம், தீட்டுக்கல் ஆகியன இருந்தால் தொடங்கலாம். இவற்றுள் தீட்டுக்கல்லையே பலர் புறக்கணிக்கின்றனர். மழுங்கிய உளியை மிகுந்த விசையோடு தள்ளும்போதுதான் அது வழுக்கிக் கையைக் கிழிக்கிறது. உளி செல்லும் வழியின் முன்னே கையை ஒருபோதும் வைத்தலாகாது.

இழைப்புளியை மரத்தின் இழையோட்டம் அறிந்து ஓட்டுதல் வேண்டும். ஆட்டின் மயிரைத் தலையிலிருந்து வாலை நோக்கித் தடவினால் படியும். எதிரே தடவினால் சிலிர்க்கும். மரமும் அத்தகையதே. சுருள் அறாது வந்தால் திசை சரியானது. மேற்பரப்பு பெயர்ந்து குழி விழுந்தால் பலகையைத் திருப்பிப் போடுக.

காலில் துளையும், சட்டத்தின் முனையில் அத்துளைக்குள் நுழையும் நாக்கும் அமைப்பதே இணைப்பின் உயிர்நிலை. நாக்கின் பருமன் சட்டத்தின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு இருத்தல் மரபு. முதலில் துளையைச் செதுக்குக. பின்னரே அதற்கேற்ப நாக்கை அறுத்துச் சிறிது சிறிதாக இழைத்துப் பொருத்துக. பிழைபட்ட நாக்கைச் சீவித் திருத்தலாம். அகன்றுவிட்ட துளையைச் சுருக்க வழியில்லை. கையால் அழுத்தினால் பாதி நுழைந்து, கொட்டாப்புளியால் மெல்லத் தட்டினால் முழுதும் அமர்வதே தக்க இறுக்கம். அதனினும் இறுகினால் கால் பிளக்கும். முன்னாளில் தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரத்தை இட்டு ஒட்டினர். இன்று வெண்ணிறப் பசை எளிதிற் கிடைக்கிறது. வச்சிரத்துக்கு ஒரு நன்மை உண்டு. வெந்நீராலும் ஆவியாலும் அது இளகும். ஆதலால் பிற்காலத்தில் இணைப்பைப் பிரித்துச் செப்பனிடுதல் எளிது. பசையோடு, துளைக்குக் குறுக்கே ஒரு மூங்கில் ஆணியும் அறைந்தால் இணைப்பு நீடித்து நிற்கும்.

மேற்பலகையைப் பொருத்தும் இடத்தில்தான் முன்னர்ச் சொன்ன 2 மில்லிமீட்டரை நினைவுகொள்ள வேண்டும். சட்டங்களின் உட்புறத்தில் சிறு கட்டைகளைப் பொருத்தி, அவற்றின் வழியே கீழிருந்து திருகாணி ஏற்றுக. குறுக்குச் சட்டத்தின் நடுவிலுள்ள கட்டையில் துளை வட்டமாக இருக்கலாம். ஓரங்களில் உள்ள கட்டைகளில் துளை, பலகையின் அகலப் போக்கில் சற்று நீண்டதாக இருத்தல் வேண்டும். அப்போது பலகை நடுவில் நிலைபெற்று இருபுறமும் தடையின்றி அகலவும் சுருங்கவும் இயலும். பழைய வீடுகளின் கதவுகளை உற்று நோக்குங்கள். சட்டத்தின் காடிக்குள் பலகை ஒட்டப்பெறாமல் நிற்பதைக் காண்பீர்கள். அக்கதவைச் செய்தவர் விழுக்காட்டுக் கணக்கு அறிந்தவர் அல்லர். ஆயினும் மரத்தின் இயல்பை அறிந்திருந்தார்.

எஞ்சியது மெருகு. 80-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 120, 220 என்று படிப்படியாக மென்மையான தாளால் இழையோட்டத்தின் வழியே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் மெருகிட்டபின்தான் கண்ணுக்குப் புலப்படும். அப்போது வருந்திப் பயன் இல்லை. மெருகுக்கு நம் நாட்டுப் பொருளான அவலரக்கு சிறந்தது. பலாசு, இலந்தை முதலிய மரங்களில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசினிலிருந்து பெறப்படுவது அது. 100 கிராம் அவலரக்கை அரை லிட்டர் மெருகு ஸ்பிரிட்டில் ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, துணிப்பொதியால் மெல்லிய படலமாகப் பலமுறை பூசுவர். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றுவது. ஆதலின் அடுப்பும் விளக்கும் அண்மையில் இருத்தலாகாது. அரக்கு மெருகு கண்ணாடிபோல் ஒளிரும் எனினும் சூட்டையும் ஈரத்தையும் தாங்காது. கொதிக்கும் காப்பிக் குவளையை வைத்தால் வெண்வட்டம் படியும். அடைமழை நாளில் பூசினால் மெருகு முழுவதும் வெளுத்துப்போகும்.

உழைப்புக்குரிய விசிப்பலகைக்கு ஆளிவிதை எண்ணெய் பொருந்தும். ஒளி குறைவு, ஆனால் தேய்ந்த இடத்தில் மீண்டும் பூசிக்கொள்ளலாம். பூசிய துணியைக் கசக்கி மூலையில் எறிவது பெருந்தீங்கு. அவ்வெண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடி உலரும்போது வெப்பம் பிறக்கிறது; சுருண்ட துணிக்குள் அவ்வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகித் தானே தீப்பற்றும். துணியை வெளியில் விரித்து உலர்த்துக. அல்லது நீரில் அமிழ்த்தி வைக்க. எம்மெருகாயினும் பலகையின் மேற்புறத்தில் மட்டும் இட்டு அடிப்புறத்தை வறிதே விடுதல் கூடாது. விட்டால் ஒருபுறம் விரைந்தும் மறுபுறம் மெல்லவும் நீரை ஏற்றுப் பலகை குவியும். மெருகு நீர் புகுவதை மெதுவாக்குமேயன்றித் தடுத்து நிறுத்தாது.

விசிப்பலகையை முடித்தபின் மேசையும் செய்ய முற்படுவோர் அதற்கு ஓர் இழுப்பறையும் அமைப்பர். ஐப்பசி அடைமழையில் அவ்விழுப்பறை இறுகித் திறக்க மறுக்கும். உடனே இழைப்புளியை எடுத்து ஓரத்தைச் சீவிவிடாதீர்கள். சீவினால் வைகாசியில் அது தளர்ந்து ஆடும். ஓரங்களில் சிறிது மெழுகைத் தேய்த்து, கோடை வரும்வரை பொறுத்திருங்கள். அப்போதும் இறுக்கம் நீங்காவிடின் இழைக்கலாம்.