மருந்தைக் குறைத்துவிட்டால் போதுமா?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

வேட்டைக்காரரும் எழுத்தாளருமான கென்னத் ஆண்டர்சன் ஜவளகிரி, அஞ்செட்டிக் காடுகளில் தூக்கித் திரிந்தது .405 வின்செஸ்டர் துப்பாக்கி. 1895 மாடல், விரல்களால் லீவரை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா ஏறும். அவருடைய ஆட்கொல்லிப் புலிக் கதைகளில் மயங்கி, இரவு ஷிப்ட் முடிந்ததும் வெளிநாட்டுக்காரர்கள் தோட்டா நிரப்பும் காணொளிகளைப் பார்க்கிற ஒரு கூட்டம் தண்டலம், ஒரகடம் பக்கத்து டூல்ரூம்களில் உண்டு. மைக்ரான் கணக்கில் உலோகம் சீவுகிறவர்கள். தோளில் உதைக்காத, வெடிமருந்து குறைத்த தோட்டாவைப் பற்றி அவர்கள் சொல்லும் தவறுகளும் கணக்கோடுதான் வருகின்றன. அதனால்தான் திருத்துவது கஷ்டம்.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் இன்று வேட்டை பொழுதுபோக்கு அல்ல. உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ அனுமதியோடு மான் வேட்டைக்குப் போகும் உறவினர் இருந்தால் அவருக்கு இது உதவலாம். மற்றவர்களுக்குப் படிக்கிற சுவை. மருந்தின் எடை எதுவும் இந்தப் பத்தியில் கிடைக்காது. பேச்சு குண்டைப் பற்றித்தான்.

"குண்டு எவ்வளவு கடினமோ அவ்வளவு நல்லது." டூல்ரூமில் கடினம் ஒரு நற்குணம், ஆகவே இந்த நம்பிக்கை இங்கே வேரோடியதில் வியப்பில்லை. மலைப்பகுதிகளில் பிடிபடும் நாட்டுத் துப்பாக்கிகளில் பால்ரஸ் குண்டு இருந்ததாகச் செய்தி வரும்போதெல்லாம் இதற்குச் சான்று கிடைத்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் பால்ரஸ் என்கிற பேரிங் உருண்டை துப்பாக்கிக் குழலின் எஃகைவிடவே கடினமானது. குழலுக்கு அதைவிடக் கேடு வேறில்லை.

ஈயக் குண்டின் கதை இன்னும் நுட்பம். மருந்து எரிந்து அழுத்தம் ஏறும்போது குண்டின் அடிப்பாகம் சற்றே பருத்து, குழலின் உள்வரிகளை அடைத்துக்கொள்ள வேண்டும். குறைந்த மருந்தில் அழுத்தமும் குறைவு. ஆன்டிமனி கலந்து இறுக்கிய ஈயம் அந்த அழுத்தத்துக்கு அசையாது. அளவும் ஒரு மயிரிழை குறைவாக இருந்துவிட்டால், சூடான வாயு ஓரமாகக் கசிந்து குண்டின் விளிம்பை உருக்கும். உருகிய ஈயம் குழலுக்குள் அப்பிக்கொள்ளும். துப்பாக்கிக்காரர் ஈயம் அப்புவதைப் பார்த்துவிட்டு இன்னும் கடினமான குண்டு வாங்குவார், இன்னும் அதிகமாக அப்பும். மென்மையான கலவை, குழலைவிட மிகச் சிறிதளவு பெரிய விட்டம்: மெதுவான தோட்டாவுக்கு இதுதான் பொருத்தம்.

செம்பு உறை போட்ட குண்டுக்கு வேறொரு ஆபத்து. அதற்கு உராய்வு அதிகம். உந்துதல் மிகவும் குறைந்தால் அது குழலின் நடுவிலேயே சிக்கி நின்றுவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கக்கூடும்.

அடுத்தது சுழற்சிக் கணக்கு. .30-30 என்ற மான் வேட்டைத் தோட்டாவுக்கான துப்பாக்கிகளின் குழலில் உள்வரிகள் பொதுவாக 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. வினாடிக்கு 2,200 அடி வேகத்தில் கிளம்பும் குண்டு நிமிடத்துக்கு 1,32,000 முறை சுழல்கிறது. 1,200 அடிக்கு இறக்கினால் 72,000. பாதிக்குப் பக்கமாக இறங்கிவிட்டதே, குண்டு குப்புறப் புரளாதா என்கிறார்கள். எண்கள் சரி, முடிவு தவறு. குண்டைக் கவிழ்க்கப் பார்க்கும் காற்றின் விசையும் வேகத்தோடு சேர்ந்து குறைகிறது. நிலைத்தன்மையில் இழப்பு உண்டு, ஆனால் சிறியது. ஒலியின் வேகத்தை ஒட்டி, அதாவது வினாடிக்கு 1,100 அடிச் சொச்சத்தில், நீளமான குண்டுகளுக்குத்தான் அது பெரிதாகத் தெரியும். "வேகம் போனால் எடையை ஏற்றிச் சரிக்கட்டு" என்ற யோசனை இங்கே இடிக்கிறது. ஒரே விட்டத்தில் எடை கூடினால் நீளமும் கூடும். குட்டையான, நடுத்தர எடைக் குண்டே பாதுகாப்பான தேர்வு.

"முனை ஈயமாக இருந்தால் உள்ளே போய் விரிந்துவிடும்." விரிய வைப்பது முனை மட்டுமல்ல, வேகமும்தான். கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச் சாலையில் 1890களில் கேப்டன் பெர்ட்டி-கிளே .303 குண்டின் முனை உறையைத் திறந்துவிட்டபோது, அது அந்தத் தோட்டாவின் முழு வேகத்துக்குக் கணக்கிட்ட வேலை. போரில் அத்தகைய குண்டு கூடாதென்று 1899இல் ஹேக் நகரில் உடன்பாடு வந்தது. வேட்டைக்கு அந்தத் தடை கிடையாது. மிருகம் சீக்கிரம் விழவேண்டும் என்பதால் விரியும் குண்டைக் கட்டாயமாக்கிய இடங்களும் உண்டு. மேக்னம் தோட்டாவின் 3,000 அடி வேகத்தைத் தாங்கும்படி தடித்த உறை போட்ட குண்டைப் பாதி வேகத்தில் அனுப்பினால் விரியாமல் ஊடுருவிப் போய்விடும். காயப்பட்ட மான் புதருக்குள் மறையும். .30-30க்கென்றே செய்த குண்டின் உறை மெல்லியது; குறைந்த வேகத்திலும் ஓரளவு விரியும். அதற்கும் கீழே இறங்கினால் விரிவதை நம்பாமல், அகன்ற தட்டை முகம் கொண்ட ஈயக் குண்டை எடுப்பதே மேல். அது விரியாமலே அகலமாக வெட்டிக்கொண்டு போகும்.

தட்டை முகம் என்றதும் இன்னொரு நம்பிக்கை நினைவுக்கு வருகிறது. "லீவர் துப்பாக்கி என்றாலே கூர்முனை ஆகாது." இதில் பாதி உண்மை. குழலுக்குக் கீழே நீளக்குழாய் மேகசின் உள்ளவற்றில் ஒரு தோட்டாவின் முனை முன்னாலிருக்கும் தோட்டாவின் பிரைமரில், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் மூடியில், முட்டிக்கொண்டு கிடக்கும். உதையில் கூர்முனை அதை வெடிக்க வைக்கலாம். ஆண்டர்சனின் 1895 மாடலில் பெட்டி மேகசின், தோட்டாக்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். முதல் உலகப் போரில் ரஷ்யா கிட்டத்தட்ட 3 லட்சம் 1895 மாடல்களைத் தன் ராணுவத் தோட்டாவுக்காக வாங்கியது. அதில் கூர்முனைக் குண்டுதான். ஆக, பார்க்கவேண்டியது லீவரை அல்ல, மேகசினை. குழாய் மேகசினில் ஸ்பிரிங்கின் தள்ளல் குண்டை, மருந்து குறைந்து இடம் காலியாக உள்ள தோட்டாக் கூட்டுக்குள் அழுத்திவிடும் என்பதால், கழுத்தை மடித்துப் பிடிக்க ஒரு பள்ளம் வெட்டிய குண்டாகவும் இருக்கவேண்டும்.

"மருந்து குறைவு, ஆகவே ஆபத்தும் குறைவு" என்பதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. குன்னூருக்கு அருகே அரவங்காட்டுத் தொழிற்சாலை கார்டைட் செய்த காலத்தில், .303 தோட்டாவுக்குள் அது நூல்கற்றையாக நீளவாக்கில் கிடந்தது, இடம்மாற வழியில்லை. இன்றைய பொடி மருந்து கொஞ்சமாகப் போட்டால் பெரிய தோட்டாவுக்குள் முன்னும் பின்னும் உருளும், அழுத்தம் சுடும்போதெல்லாம் மாறும். இன்னொன்று, தவறி மருந்தை இரண்டு தடவை கொட்டினாலும் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே அடங்கிவிடும். மருந்து நிறுவனம் அச்சிட்ட அட்டவணையில் அந்த மருந்துக்கும் அந்தக் குண்டுக்கும் குறைந்தபட்ச அளவு என்று ஒன்று இருக்கிறது. அதற்குக் கீழே போக எந்தக் குண்டும் அனுமதி தராது.

பார்வைக் குறியையும் மறுபடி வைத்துப் பார்க்கவேண்டும். மெதுவான குண்டு தாழ்வாக அடிக்கும் என்பது எப்போதும் நடப்பதில்லை. குழலுக்குள் அது தங்கும் நேரம் கூடுவதால், உதையில் குழல்முனை மேலெழும் நேரத்தில் வெளியேறி, கிட்டத் தூரத்தில் மேலேயே அடிக்கக்கூடும். காகித இலக்கில் சுட்டுப் பார்த்தால்தான் தெரியும்.