தும்மலெல்லாம் சளியன்று

காலையில் தறிக்குழியில் இறங்கியதும் அடுக்கடுக்காகத் தும்மல், மூக்கில் தெளிநீர், கண்ணில் அரிப்பு, காய்ச்சல் மட்டும் இல்லை. ‘சளி பிடித்திருக்கிறது’ என்று கஷாயம் அருந்திவிட்டு வேலையைத் தொடர்கிறோம். வாரங்கள் கடந்தும் அது நீங்குவதில்லை. இரவில் மூக்கடைத்து உறக்கம் கெடுகிறது, மறுநாள் இழை அறுந்தது கண்ணில் படாமல் துணி பழுதாகிறது, கூலியும் குறைகிறது. ஆதலின் மூக்கு ஒவ்வாமையையும் சைனஸ் அழற்சியையும் இம்மாதப் பாடமாக எடுத்துக்கொண்டோம்.

நோயின் இயல்பு

சளி கிருமியால் வருவது. பெரும்பாலும் பத்து நாட்களுக்குள் தணியும். ஒவ்வாமை அத்தகையதன்று. தீங்கற்ற தூசியையும் மகரந்தத்தையும் நமது உடல் பகையென்று தவறாகக் கருதி எதிர்ப்பதே ஒவ்வாமை. அப்போது உடலில் ஹிஸ்டமின் முதலிய பொருள்கள் வெளிப்பட்டு, மூக்கின் உட்சவ்வு வீங்குகிறது.

நெற்றி, கன்னம் முதலிய எலும்புகளினுள்ளே நான்கு ஜோடிக் காற்றறைகள் உள்ளன. அவையே சைனஸ்கள். அவற்றின் சிறு வாயில்கள் மூக்கினுள் திறக்கின்றன. மடை அடைபட்டால் வயலில் நீர் தேங்குவதுபோல, சவ்வு வீங்கி வாயில் அடைபட்டால் அறைக்குள் சளி தேங்குகிறது. முகத்தில் வலியும் கனமும் தோன்றும். மணமும் தெரியாது போகும்.

நம் மாவட்டத்துக் காரணங்கள்

தருமபுரியின் சாலையோரத்திலும் தரிசிலும் வெள்ளைச் சிறுபூவுடன் நிற்கும் பார்த்தீனியத்தை அறியாதார் இலர். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இச்செடி, 1950-களில் புனேயில் கவனிக்கப்பட்டுப் பின்னர் நாடெங்கும் பரவியது. இதன் மகரந்தம் மூக்கு ஒவ்வாமை விளைப்பதை 1991-ல் வெளிவந்த பெங்களூர் ஆய்வு காட்டியது. செடியைத் தின்னும் மெக்சிகோ வண்டு 1984-ல் பெங்களூரில் விடப்பட்டது. எனினும் செடி ஒழியவில்லை.

இதனுடன் பஞ்சுத்தூசி, கேழ்வரகு அடிக்கும் களத்துத் தூசி, படுக்கையில் வாழும் தூசிச் சிற்றுண்ணி, அடுப்புப் புகை ஆகியவையும் சேரும். பட்டுப்புழு மனையில் தெளிக்கும் ஃபார்மலினும் பிளீச்சிங் பவுடரும் மூக்கை எரியச் செய்யும்.

செய்யத்தக்கவை

எவ்விடத்தில், எவ்வேலையில் தும்மல் மிகுகிறது என்று இரு வாரம் குறித்துவைப்போம். காரணம் பெரும்பாலும் புலப்படும். தறிக்கூடத்தை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்போம். களத்தில் மூக்கையும் வாயையும் மூடும் கவசம் அணிவோம். வேலை முடிந்ததும் முகம் கழுவி உடை மாற்றுவோம். தலையணை உறையை வாரந்தோறும் வெந்நீரில் துவைப்போம்.

மூக்கை உப்புநீரால் கழுவுதல் நலம் தரும். ஒரு லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 9 கிராம், அதாவது ஒன்றரைத் தேக்கரண்டி, தூளுப்பு போதும். நீர் நன்கு கொதித்து ஆறியதாக இருத்தல் அவசியம். காய்ச்சாத கிணற்று நீரிலுள்ள ஒருவகை நுண்ணுயிர் மூக்கின் வழியே மூளையைத் தாக்கி உயிரையே பறிக்கக்கூடும்.

கடையில் வாங்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்தை ஐந்து நாட்களுக்கு மேல் இடலாகாது. இட்டால் அடைப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்பும். மருத்துவர் தரும் ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்போ மெதுவாகவே பயனளிப்பது. இரு வாரமேனும் நாள்தோறும் பயன்படுத்திய பின்னரே முழுப்பயன் தெரியும். ஒவ்வாமை மாத்திரைகளுள் சில உறக்கம் தருவன. அவற்றை உண்டு விசைத்தறி இயக்குவதும் வண்டி ஓட்டுவதும் ஆபத்து.

சைனஸ் வலி பத்து நாட்களைக் கடந்தாலும், தணிந்தபின் மீண்டும் மிகுந்தாலும் மருத்துவரைக் காண்க. கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வைக் குறை, கடுந்தலைவலி, கழுத்து விறைப்பு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றே மருத்துவமனைக்குச் செல்க.

கூடிச் செய்யவேண்டியது

ஒருவர் தம் வயலில் மட்டும் பார்த்தீனியத்தைக் களைந்தால் போதாது. அண்டை வரப்பில் நிற்கும் ஒரு செடியே ஆயிரக்கணக்கான விதைகளை உதிர்க்கும். மழைக்குப்பின் மண் ஈரமாயிருக்கையில், பூக்குமுன்னரே, கையுறை அணிந்து வேரோடு பிடுங்கவேண்டும். ஒவ்வாமை உள்ளவர் அவ்வேலைக்கு வரலாகாது. அவர் பங்கை ஏனையோர் ஏற்பதே கூட்டுறவு.

சிந்திக்க: 1. நம் சங்கத் தறிக்கூடங்களில் தூசியை ஈரத்தால் துடைக்க என்ன ஏற்பாடு உண்டு? 2. நமது ஊரில் பார்த்தீனியம் மிகுந்துள்ள பொது இடம் எது? 3. அதனை அகற்றும் நாளை அடுத்த கூட்டத்திலேயே குறிக்கலாமா?