சொல் விளக்கம்: 'புளூ'

ஆங்கிலப் பந்திகளில் மாணவர்கள் இடறும் சிறு சொற்களுள் இதுவும் ஒன்று. எப், எல், யூ, ஈ என்பன இதன் எழுத்துகள். நீல நிறத்தைக் குறிக்கும் சொல் அன்று. அது பீ என்ற எழுத்தில் தொடங்குவது.

'சிம்னி' என்பது புகைபோக்கி முழுவதையும் குறிக்கும். அதனுள்ளே புகை மேலேறும் வழியே 'புளூ'. இங்கிலாந்தின் பழைய பெரிய வீடுகளில் பல அறைகளில் குளிர்காயும் அடுப்புகள் இருந்தன. அவற்றிலிருந்து புறப்படும் பல புளூக்கள் ஒரே சிம்னியில் அடங்கும். ஆகவே இரு சொற்களையும் ஒன்றெனக் கொள்ளாதீர்கள்.

புகை செல்லும்போது உட்சுவரில் கரி படியும். வழி அடைபட்டால் நச்சு வாயுவான காபனோரொட்சைட்டு அறைக்குள் திரும்பும். எனவே புளூவைத் துப்புரவு செய்தே ஆகவேண்டும். 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் அங்கு இவ்வேலைக்குச் சிறுவர்களையே உள்ளே ஏற்றினர். பல புளூக்கள் ஒன்பது அங்குலச் சதுரமே. உங்கள் அடிமட்டத்தில் 23 சென்ரிமீற்றரில் விரலை வைத்துப் பாருங்கள். அந்த அகலத்துக்குள் ஒரு பிள்ளை முழங்காலாலும் முழங்கையாலும் உந்தி ஏறவேண்டும். இத்தொழிலாளருக்கு வரும் ஒருவகைப் புற்றுநோய்க்குப் புகைக்கரியே காரணம் என 1775இல் பேர்சிவல் பொட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் எழுதினார். 21 வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்றக்கூடாதென 1840இல் சட்டம் வந்தது. பலர் அதை மதிக்கவில்லை. 1875ஆம் ஆண்டுச் சட்டமே இவ்வழக்கத்துக்கு முடிவு கட்டியது. சார்ள்ஸ் கிங்ஸ்லி 1863இல் வெளியிட்ட 'த வோட்டர் பேபீஸ்' கதையின் நாயகன் டொம் இத்தகைய சிறுவனே. அவன் வழிமாறி வேறோர் அறைக்குள் இறங்குவதிலிருந்துதான் கதை சூடுபிடிக்கிறது.

இனிப் பிரயோகம். இது எண்ணத்தக்க பெயர்ச்சொல். ஒருமையில் 'எ புளூ' எனலாம். பன்மைக்கு ஈற்றில் எஸ் சேர்த்தால் போதும். புகை மேலே செல்வதை 'அப் த புளூ' என்பர்.

இதே ஒலியில் வேறு இரு சொற்கள் உண்டு. கேட்டெழுதும்போது புள்ளிகள் பறிபோவது இங்கேதான். ஈற்றில் ஈ இல்லாதது இன்புளுவென்சாக் காய்ச்சலின் சுருக்கம். அது எண்ணத்தகாதது, 'எ' ஏற்காது. எப், எல், ஈ, டபிள்யூ என வருவது 'பறந்தது' என்னும் இறந்தகால வினை.

பயிற்சி: கீழுள்ளவற்றை ஆங்கிலத்தில் எழுதி, மூன்று சொற்களின் எழுத்துகளையும் ஒப்பிடுக.

காகம் கூரைக்கு மேலாகப் பறந்தது.
அவனுக்கு இன்புளுவென்சாக் காய்ச்சல்.
சிறுவன் புளூவினுள் ஏறினான்.